மூன்று பலகைப் படகும் என் தூண்டில் கோலும்

எங்கள் ஊரில் எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். தட்டில் கடைசியாக ஒரு துண்டு கேக் மிஞ்சியிருக்கிறது என்று வையுங்கள். "எடுத்துக்கோங்க" என்று முதல் தடவை சொன்னால், "ஐயோ வேண்டாம், வயிறு நிறைஞ்சிருக்கு" என்பார்கள். இரண்டாம் தடவை சொன்னால், "இல்ல இல்ல, நீங்க சாப்பிடுங்க" என்பார்கள். மூன்றாம் தடவைதான், "சரி, வீணாப் போகக்கூடாது பாருங்க" என்று கை நீளும். முதல் தடவையிலேயே எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறவன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினைச் சேர்ந்தவனாக இருப்பான், அல்லது அவனைச் சரியாக வளர்த்திருக்க மாட்டார்கள். மினசோட்டா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தப் பாழாய்ப்போன மரியாதையால்தான் நான் முப்பது வருஷத்துக்கு மேல் கரையிலேயே நின்றேன்.

லவர்னை நான் கல்யாணம் செய்துகொண்ட வருஷம், மே மாதம், மீன்பிடித் தடை நீங்கும் திறப்பு நாள். விடிந்தும் விடியாத நேரத்தில் கெட்டில் ஏரியின் மரத்துறையில் எல்லோரும் நின்றோம். லவர்னின் அப்பாவுடைய படகு அது. அலுமினியப் படகு, உட்கார மூன்று பலகை, மூன்று பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது அவர் கணக்கு. அவர் மோட்டார் பக்கம் உட்கார்ந்திருந்தார். நடுப்பலகையில் லவர்ன். முன்பலகை காலி. லவர்னின் தம்பி ஆர்டெலுக்கு அன்று காய்ச்சல். மாமனார் என்னைப் பார்த்து, "மார்லிஸ், வர்றியா?" என்றார். எனக்கு உயிரே படகில்தான் இருந்தது. ஆனாலும் நன்றாக வளர்ந்த பெண் அல்லவா, "இல்ல இல்ல, நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மோட்டார் கயிற்றை இழுத்தார். படகு போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஊரில் ஒரு பெயர்: மீன்பிடிக்கப் பிடிக்காத மார்லிஸ். சின்ன ஊரில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டாலும் போகாது. மாமனார் காலமான பிறகு காலியான பலகை எனக்கு வரும் என்று இருந்தேன். ஆர்டெலின் சிநேகிதன் ஹார்லனுக்குப் போயிற்று. ஒவ்வொரு திறப்பு நாளும் முட்டை சாண்ட்விச் செய்து, காகிதத்தில் சுற்றி, துறையில் நின்று கையாட்டினேன். பெரும்பாலும் அதற்கு மறுநாள் அன்னையர் தினம் வேறு வந்து தொலைக்கும். தேதி குறிக்கிற ஆபீசில் யாருக்கும் அம்மா கிடையாது போலிருக்கிறது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் லவர்ன் இடம் கொடுத்திருப்பான். கேட்டு வாங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே இல்லை.

போன குளிர்காலத்தில் ஹார்லன் இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டு, வெயில் வேண்டும் என்று அரிசோனாவுக்குக் குடிபோனான். மூன்றாவது பலகை மறுபடி காலியாயிற்று.

அதற்கு முதலில் துண்டு போட்டவன் டெரிக். ஆர்டெலின் மருமகன், வீடுகளுக்குச் சூடேற்றும் அடுப்பு ரிப்பேர் செய்கிறவன், விஸ்கான்சின்காரன். ஆர்டெலுக்கு அவனைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது, அவன் கூட ஒரு நாள் முழுக்கப் படகில் உட்காரத்தான் பிடிக்காது. மகளிடம் அதைச் சொல்லவும் தைரியம் இல்லை. அதனால் தம்பிக்காக அண்ணன் களத்தில் இறங்கினான். ஊரில் பாதிப் பேர் காலைக் காபி குடிக்கிற கடையில், எல்லோர் காதிலும் விழும்படி லவர்ன் சொன்னான்.

"இங்க பாரு டெரிக். இனிமே யாரா இருந்தாலும் சரி, தன் கையால செஞ்ச கோலோட வந்தாத்தான் நம்ம படகுல உக்காரலாம். இதுதான் சட்டம்."

"கடையில வாங்கின கோல்?"

"கடையில வாங்கினவன் கடையிலயே உக்காரட்டும்."

காபிக் கடை சிரித்தது. சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'உங்கள் தூண்டில் கோலை நீங்களே செய்யுங்கள். புதியவர்களுக்கு வகுப்பு. வியாழன் மாலை, பள்ளிக்கூட மரவேலை அறை.' அடுத்த மேஜையில் இருந்த நான் அதைக் கிழிக்காமல் படித்து மனதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் பஸ்ஸை ஓட்டுகிறவள் நான்தான். வியாழன் மாலை பஸ்ஸை நிறுத்திவிட்டு, அறைக்கு நடக்க வேண்டியதுதான்.

லவர்னிடம் தையல் வகுப்பு என்றேன். நூல் இருந்ததால் முழுப் பொய் இல்லை.

வகுப்பு எடுத்தவள் பா நியா. பூர்வீகம் லாவோஸ், மங் இனத்துப் பெண், எங்கள் தலைநகர் செயின்ட் பாலில் வளர்ந்தவள், முப்பத்தைந்துக்குள் இருக்கும். பகலில் எங்கள் ஊர்ப் பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை. ஊரில் பாதிப் பேருடைய வாயை உள்ளும் புறமும் அறிந்தவள்.

"வாரம் பூரா நான் பேசுவேன், எதிர்ல இருக்கிறவங்க 'ஆ ஆ'ன்னுதான் சொல்வாங்க. இன்னிக்காவது பதில் சொல்லுங்க, ப்ளீஸ்" என்றாள் முதல் நாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் ஊர் அப்படி. டெரிக் மட்டும் "சரிங்க" என்றான். ஆமாம், அவனும் வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் வாய் பிளந்தான்.

"ஆன்ட்டி, நீங்களா? உங்களுக்குத்தான் மீன்பிடிக்கவே பிடிக்காதாமே?"

"யாருக்குத் தெரியும், பிடிச்சுப் பாத்தாத்தானே" என்றேன். ஒரு பலகைக்கு இரண்டு பேர் என்று அவனுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

தூண்டில் நூல் ஓடுகிற வளையமோ பிடியோ இல்லாத கறுப்பு வெறுங்கோலை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள் பா நியா. அடிமுனையை மேஜையில் ஊன்றி, நுனியைக் கையில் தாங்கி, நடுவில் அழுத்தி உருட்டச் சொன்னாள். உருட்டினால் ஓரிடத்தில் கோல் தானாகத் துள்ளித் திரும்பி நிற்கிறது.

"அதுதான் அதோட முதுகு. எந்தப் பக்கம் வளையணும்னு கோல் ஏற்கெனவே முடிவு பண்ணி வச்சிருக்கு. அதைக் கேட்டுட்டு வளையத்தை வைங்க. நீங்க நினைச்ச பக்கம் வச்சா மீன் இழுக்கிறப்ப கைக்குள்ளயே முறுக்கிக்கும்."

"இதே மாதிரி ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு" என்றேன். அன்றுதான் அந்த வகுப்பு முதன்முதலாகச் சிரித்தது.

அந்த வியாழக்கிழமைகள் எனக்குப் பிடித்துப்போயின. வெளியே பனி முழங்கால் வரை கிடக்கும். உள்ளே மரத்தூள் வாசனையும் காபி வாசனையும். தக்கை வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிடி செய்தோம். என் கைக்கு ஏற்ற பிடி. என் கை சின்னது. ஆண்களின் கோலைப் பிடித்தால் விளக்குமாற்றைப் பிடித்த மாதிரி இருக்கும். இதை முதல் தடவை பிடித்தபோது, என்னை விசாரித்துச் செய்த மாதிரி இருந்தது. விசாரித்தவளும் நான்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு நூல் சுற்றுவது. ஒவ்வொரு வளையத்தின் காலையும் கோலோடு சேர்த்து நூலால் கட்ட வேண்டும். நூல்கண்டைக் காபிக் கோப்பைக்குள் போட்டு, நூலைத் தடித்த டெலிபோன் புத்தகத்தின் நடுப்பக்கங்களுக்குள் நுழைத்து எடுத்தால் அது விறைப்பாக வரும். நூலைச் சுற்றக்கூடாது, கோலைத்தான் உருட்ட வேண்டும். இழையோடு இழை ஒட்ட வேண்டும், நடுவில் கறுப்புத் தெரியக்கூடாது. என் முதல் கட்டு கோழி கிளறிய குப்பை மாதிரி வந்தது. அவிழ்த்தேன், சுற்றினேன், அவிழ்த்தேன். டெரிக்கின் பெரிய விரல்களுக்கு இன்னும் கஷ்டம். உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் உருட்டுவான்.

அவன் சாதாரணக் கறுப்பு நூல் எடுத்திருந்தான். "யார் மனசும் நோகக்கூடாது ஆன்ட்டி" என்றான். நான் யோசித்து மஞ்சள் எடுத்தேன், ஓரத்துக்கு ஊதா, நடுவே மெல்லிசாக ஜரிகை. எங்கள் மாநிலத்துக் கால்பந்து அணியின் நிறம் ஊதாவும் மஞ்சளும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தோற்றால் லவர்ன் திங்கட்கிழமை பேசமாட்டான். இந்தக் கோலைப் பார்த்து அவனால் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பது என் கணக்கு.

இடைவேளைக்கு ஒருநாள் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக் கொண்டுபோயிருந்தேன். கடைசித் துண்டைக் காட்டி, "யாராவது எடுத்துக்கோங்க" என்றேன். டெரிக் எடுத்துக் கடித்தான். எல்லார் கண்ணும் அவன் வாயிலேயே நின்றது.

"என்ன ஆச்சு?" என்றான் வாய் நிறைய.

"ஒண்ணுமில்ல. நீ ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கணும்."

"எனக்கு வேணுமே."

"வேணும்னாலும்."

"அப்போ வேணும்னு எப்பத்தான் சொல்றது?"

அவன் மேல் இருந்த எரிச்சலில் பாதி அந்தக் கேக்கோடு போய்விட்டது.

ஏப்ரலில் ஒரு வியாழன் நான் போகவில்லை. ஓபல் நைகார்ட் கிழவி இறந்துபோனாள், மறுநாள் சர்ச்சில் சவ அடக்கச் சாப்பாடு, உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைக்கிற பெரிய தட்டுகள் என் பொறுப்பு. அடுத்த வாரம் போனபோது எல்லோரும் நூல் கட்டுகளுக்கு மேல் பளபளப்புப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பாட்டில் திரவத்தைக் கலந்து தூரிகையால் தடவி, கோலை மெதுவாகச் சுழற்றும் மோட்டாரில் மாட்டிவிட வேண்டும். சுழலாவிட்டால் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். பா நியா யாருக்கோ கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பெயின்ட் அடிக்கத் தெரியாதவளா நான், நானே கலந்து தடவினேன்.

கண் முன்னாலேயே மஞ்சள் மாறியது. முதலில் நனைந்த மாதிரி, பிறகு கருத்த மாதிரி, பிறகு சந்தேகமே இல்லாமல் பாசிப் பச்சை. ஊதா கறுப்பாகிக் கோலோடு கோலாக மறைந்தது. ஜரிகை மட்டும் மாறாமல் மஞ்சளாக மின்னியது.

டெரிக் எட்டிப் பார்த்தான். "ஆன்ட்டி, போன வாரம் நிறம் காக்கிற வெள்ளைத் தண்ணி குடுத்தாங்களே, அதைப் பூசாட்டா கோலோட கறுப்பு நூலுக்கு மேல தெரியுமே, முதல்ல பூசினீங்களா?"

"எந்தத் தண்ணி?"

அவன் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. பச்சையும் மஞ்சளும் விஸ்கான்சின் அணியின் நிறம். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

"சிரிச்சுத் தொலை" என்றேன்.

"எங்க ஊருக்கு வாங்க ஆன்ட்டி. நல்லாப் பாத்துக்குவோம்" என்று சொல்லி, மேஜையில் தலையை வைத்துச் சிரித்தான்.

பா நியா வந்து பார்த்தாள். "பிளேடால சீவிட்டு மறுபடி கட்டலாம், மார்லிஸ். ஆனா எல்லா வளையமும் சீவணும்." டெரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாதி நான் கட்டித் தர்றேன்" என்றான். என் கோல் முடியாவிட்டால் பலகை அவனுக்கு. அது தெரிந்தேதான் சொன்னான்.

"வேண்டாம்பா. நீ கட்டினா அது என் கையால செஞ்சது ஆகாது" என்றேன். திறப்பு நாளுக்குச் சில நாட்களே இருந்தன. பிளேடை வாங்கி முதல் கட்டின் மேல் வைத்தேன். இழையோடு இழை ஒட்டிய, நடுவில் கறுப்புத் தெரியாத கட்டு. எத்தனை தடவை அவிழ்த்துச் சுற்றியது. மனசு வரவில்லை. பிளேடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிடிக்கு மேலே வெள்ளை மையில் என் பெயரை எழுதி, அதன் மேலும் பூச்சைத் தடவினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல் மேஜையில் வைத்தேன். லவர்ன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"வித்தியாசமா இருக்கு" என்றான்.

எங்கள் ஊரில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

"தையல் வகுப்புன்னு சொன்ன?"

"நூல் இருக்கு பார்."

"எதுக்கு மார்லிஸ் இது? உனக்குத்தான் மீன்பிடிக்கப் பிடிக்காதே."

"யார் சொன்னா?"

"நீதான். அப்பா கேட்டப்ப, 'இல்ல இல்ல, நீங்க போய்ட்டு வாங்க'ன்ன."

"அது மரியாதைக்குச் சொன்னது."

லவர்ன் யோசித்தான். "அப்போ இன்னொரு தடவை கேட்டிருக்கணுமா?"

"ரெண்டு தடவை."

அவன் கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், மறுபடி போட்டான். "பச்சை மஞ்சளை அப்பா படகுல எப்படி ஏத்துறது" என்று கோலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மோட்டாருக்கு எண்ணெய் போட ஷெட்டுக்குப் போனான். நான் பாத்திரம் கழுவினேன். அழுகை வந்தது, சோப்பு நீரிலேயே முடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் ஆசைப்பட்டது ஒரு பலகை. அதற்கு ஒரு கோல் போதாதா என்று இருந்தது.

திறப்பு நாள் காலை ஏரி பால் மாதிரி கிடந்தது. துறையில் ஐந்தாறு குடும்பம், காபிக் கடைக்காரர்கள் உட்பட. நான் என் கோலோடு போனேன். டெரிக் அவனுடைய கறுப்பு நூல் கோலோடு வந்தான். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரவே கூடிப் பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஆர்டெல் தொண்டையைச் செருமினான். "பலகை ஒண்ணு, கோல் ரெண்டு. யாருக்குக் குடுத்தாலும் இன்னொருத்தருக்கு வருத்தம். அதனால நானும் லவர்னும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கோம். மூணாவது பலகையில ஐஸ் பெட்டிய வச்சிக்கிறோம்."

ஐஸ் பெட்டி. எனக்குக் காது சூடாயிற்று.

டெரிக் தலையைச் சொறிந்தான். குசும்பு இல்லை, அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "சரி ஆர்டெல். ஆனா நீங்க செஞ்ச கோல் எது?"

"என்னது?"

"யாரா இருந்தாலும் தன் கையால செஞ்ச கோல் வேணும்னு லவர்ன் சொன்னாரே. உங்களோடது எது, அவரோடது எது?"

துறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தம்பி கையில் இருந்த இரண்டு கோலிலும் கடையின் ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது.

"நான் காபிக் கடையில கேட்டேன்" என்றேன். "அங்க இருந்த எல்லாரும் கேட்டாங்க. கடையில வாங்கினவன் எங்க உக்காரணும்னும் சொன்ன, லவர்ன்."

"அது சும்மா பேச்சுக்கு" என்றான் லவர்ன்.

"சட்டம்னு சொன்ன."

காபிக் கடைக்காரர் வானத்தைப் பார்த்தபடி, "சட்டம்னுதான் சொன்னாப்ல" என்றார். அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் வாதாடுவதில்லை. நானும் டெரிக்கும் ஏறினால் ஒரு பலகை மிஞ்சும். அதை அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுக்கொடுக்கலாம் என்றேன், நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

லவர்ன் பெரிய மனுஷனாகத் தம்பியைப் பார்த்துக் கையைக் காட்டினான். "நீ போ, ஆர்டெல்."

இதற்கு ஆர்டெல் என்ன சொல்ல வேண்டும் என்று அங்கிருந்த சின்னக் குழந்தைக்கும் தெரியும். 'இல்ல இல்ல, நீ போ' என்று சொல்ல வேண்டும். இப்படி இரண்டு முறை தள்ளி, கடைசியில் மூத்தவன் என்று லவர்னிடமே பலகை வந்து சேரும்.

"சரி" என்றான் ஆர்டெல், படகில் ஏறி முன்பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

லவர்னின் கை நீட்டியது நீட்டியபடி நின்றது.

"மாப்பிள்ளைகிட்டக் கத்துக்கிட்டேன்" என்று ஆர்டெல் ஐஸ் பெட்டியைக் காலுக்கடியில் தள்ளினான். டெரிக் நடுப்பலகையில் உட்கார்ந்தான். மாமனும் மருமகனும் ஒரே பக்கம் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மீதி இருந்தது பின்பலகை, மோட்டார் பக்கம், மாமனாரின் இடம். இருபது வருஷமாகப் பனியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன், எனக்கு இதென்ன பெரிய மோட்டார். பச்சைக் கோலை ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கயிற்றை அவிழ்த்துப் போட்டது லவர்ன்தான். துறையின் விளிம்பில், நான் எப்போதும் நிற்கிற அதே பலகையின் மேல், நான் கொண்டுவந்த சாண்ட்விச் பையை நீட்டிக்கொண்டு நின்றான். பாவமாகத்தான் இருந்தது. பையை வாங்கிக்கொண்டேன்.

"வர்றியா, லவர்ன்? அப்பா கணக்கு மூணு பேர்தான், ஆனா ஐஸ் பெட்டிய எடுத்துட்டா நெருக்கி உக்காரலாம்" என்றேன்.

"இல்ல இல்ல, நீங்க போய்ட்டு வாங்க."

வார்த்தை மாறாமல் அதையே சொன்னான். நான் அவன் அப்பா இல்லை, அதனால் இன்னொரு தடவை கேட்டேன். "நிஜமாத்தான் கேக்கிறேன். வா."

"இருக்கட்டும், இருக்கட்டும். கரையில ஒருத்தர் வேணாமா" என்றான். சொல்லிவிட்டு ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் எடுத்து வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தான்.

இன்னும் ஒரு தடவை பாக்கி இருந்தது. அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொண்டு, மோட்டார் கயிற்றை இழுத்தேன்.